வாடகை ஹெலிகாப்டரும் ஒரு பல்சக்கரமும்

தேர்தல் வந்துவிட்டால் நம் ஊர்ப் பள்ளி மைதானங்கள் ஹெலிபேட் ஆகிவிடுகின்றன. தலைவர் வந்து இறங்கும் ஹெலிகாப்டர் கட்சியுடையதா? பெரும்பாலும் இல்லை, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தது. சரி, வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்துடையதா? அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த நிறுவனமே அதை இன்னொருவரிடமிருந்து பல ஆண்டுக் குத்தகைக்கு எடுத்திருக்கலாம். அந்த இன்னொருவர் அயர்லாந்தில் அலுவலகம் வைத்திருப்பார். ஒரு பயணியைக்கூட ஏற்றிச் செல்லமாட்டார், ஆனால் நூற்றுக்கணக்கான ஹெலிகாப்டர்களுக்குச் சொந்தக்காரர்.

இந்தத் தொழில் வளர்ந்தது அரசியலால் அல்ல, எண்ணெயால். மும்பை ஹை எண்ணெய் வயல் கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் இருக்கிறது. வட கடலில் பிரிட்டனும் நார்வேயும் எண்ணெய் எடுக்கும் மேடைகள் பல இன்னும் தொலைவில் உள்ளன. அங்கே வேலை செய்பவர்களை முறை மாற்றிக் கொண்டுபோய்க் கொண்டுவர ஹெலிகாப்டரை விட்டால் படகுதான், கொந்தளிக்கும் கடலில் படகிலிருந்து மேடைக்கு ஏறுவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. எண்ணெய் நிறுவனம் பெரும்பாலும் ஹெலிகாப்டர் வாங்குவதில்லை. ஆட்களை ஏற்றி இறக்க ஒரு ஹெலிகாப்டர் நிறுவனத்தோடு சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போடுகிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 19 பேர் அமரும் ஒரு கனரக ஹெலிகாப்டரின் விலை இரண்டு கோடி டாலருக்கு மேல். அது முப்பது ஆண்டு பறக்கும், ஒப்பந்தமோ ஐந்தாண்டு. மிச்சமுள்ள ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

ரிச்சர்ட் சான்டுல்லி இந்தக் கேள்வியில் ஒரு வியாபாரத்தைக் கண்டார். தனியார் ஜெட் விமானங்களைப் பலர் பங்கு போட்டு வைத்துக்கொள்ளும் நெட்ஜெட்ஸ் நிறுவனத்தைக் கட்டி எழுப்பியவர் அவர். 2010ல் ஹெலிகாப்டர்களை மட்டும் குத்தகைக்கு விடும் மைல்ஸ்டோன் ஏவியேஷனைத் தொடங்கினார். அவருடைய கணக்கு எளிமையானது: நார்வேயில் ஒப்பந்தம் முடிந்தால் அதே இயந்திரத்தை பிரேசிலுக்கோ மலேசியாவுக்கோ அனுப்பலாம், எண்ணெய்க்கு ஆள் தேவைப்படாத நாள் வராது. 2015ல் ஜிஇ குழுமம் ஏறத்தாழ 178 கோடி டாலர் கொடுத்து மைல்ஸ்டோனை வாங்கியது. 2021ல் அது ஏர்கேப் நிறுவனத்தின் கைக்குப் போனது. இப்படி வளரும் தொழில் என்றால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஜிஇ வாங்கும் முன்பே வேபாயின்ட், லோபோ என்று வரிசையாக வந்துவிட்டார்கள்.

குத்தகையில் இரண்டு வகை உண்டு. இயந்திரத்தை மட்டும் கொடுப்பது டிரை லீஸ். பைலட், பராமரிப்பு, காப்பீடு எல்லாம் எடுப்பவர் பொறுப்பு. இயந்திரத்தோடு பைலட்டையும் பராமரிப்பையும் சேர்த்துக் கொடுப்பது வெட் லீஸ், டிரைவரோடு கார் எடுப்பதுபோல. அயர்லாந்துக்காரர்கள் செய்வது முதல் வகை. கட்சிகள் எடுப்பது இரண்டுமல்ல, நாள் கணக்கிலும் மணிக்கணக்கிலும் எடுக்கும் சார்ட்டர்.

ஆனால் டிரை லீஸ் எடுப்பவர் மாத வாடகையோடு தப்ப முடியாது. பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் பராமரிப்பு நிதிக்கென்று ஒரு தொகை கட்ட வேண்டும். ஏன் என்று தெரிய இயந்திரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஏர்பஸ்ஸின் எச்225 ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டர்பைன் எஞ்சின்களின் சுழற்சி நிமிடத்துக்கு 20,000 சுற்றுகளைத் தாண்டும். மேலே இருக்கும் ஐந்து இறக்கைகளோ நிமிடத்துக்குச் சுமார் 265 சுற்றுதான் சுற்றலாம். அந்த வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டித் தருவது, பல்சக்கரங்கள் நிறைந்த பிரதான கியர்பாக்ஸ். எஞ்சின் இரண்டு உண்டு, ஒன்று நின்றாலும் மற்றொன்றை வைத்துத் தரையிறங்கலாம். கியர்பாக்ஸ் ஒன்றே ஒன்று. ஹெலிகாப்டரின் மொத்த எடையும் அதன் வழியாகத்தான் இறக்கைகளில் தொங்குகிறது.

அதனால் முக்கியமான ஒவ்வொரு பாகத்துக்கும் ஆயுள் குறித்திருக்கிறார்கள்: இத்தனை மணி பறந்தால் பிரித்துப் பார், இத்தனை மணி ஆனால் தூக்கி எறி. பாகம் தொழிற்சாலையை விட்டு வந்த நாளிலிருந்து எந்த ஹெலிகாப்டரில் எத்தனை மணி பறந்தது என்ற பதிவு முழுமையாக இருக்க வேண்டும். பதிவில் ஓட்டை விழுந்தால், பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தாலும் அந்தப் பாகம் பழைய இரும்பு. குத்தகை முடிந்து ஹெலிகாப்டர் திரும்பும்போது பெரும் தகராறுகள் கிளம்புவது கீறல் விழுந்த கதவைப் பற்றியல்ல, லாக் புத்தகங்களைப் பற்றித்தான்.

சான்டுல்லியின் கணக்குக்கு முதல் அடி எண்ணெய் விலையிலிருந்து விழுந்தது. 2014 நடுவில் பீப்பாய் 110 டாலருக்கு மேல் விற்றது 2016 தொடக்கத்தில் 30 டாலருக்குக் கீழே போனது. துளையிடும் பணிகள் நின்றன, ஹெலிகாப்டர்கள் சும்மா நின்றன. உலகின் மிகப் பெரிய ஹெலிகாப்டர் நிறுவனங்களில் ஒன்றான சிஎச்சி 2016 மே மாதம் திவால் பாதுகாப்புக் கேட்டு அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது.

அதற்குச் சில நாள் முன்புதான், ஏப்ரல் 29 அன்று, அதே நிறுவனத்தின் எச்225 ஒன்று குல்ஃபாக்ஸ் பி எண்ணெய் மேடையிலிருந்து நார்வேயின் பெர்கன் நகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. டூரோய் தீவருகே வந்தபோது இறக்கைத் தொகுதி முழுவதும் கழன்று தனியே பறந்துபோனது. உள்ளே இருந்த 13 பேரும் இறந்தார்கள். கியர்பாக்ஸின் இரண்டாம் அடுக்குப் பல்சக்கரம் ஒன்றில் மேற்பரப்பில் உண்டான நுண்ணிய குழியிலிருந்து விரிசல் தொடங்கி உலோகத்துக்குள்ளேயே பரவியிருந்தது என்று விசாரணை சொன்னது. எண்ணெயில் உலோகத் துகள் கலந்தால் பிடித்து எச்சரிக்கும் காந்த உணரிகள் இருந்தன. துகள் போதுமான அளவு உதிராததால் அவை எச்சரிக்கவில்லை.

விபத்துக்குப் பிறகு அந்த ரகத்துக்கு விதித்த தடையை நார்வேயும் பிரிட்டனும் 2017 ஜூலையில் நீக்கின. சட்டப்படி பறக்கலாம். ஆனால் ஏறுபவர்கள் வேண்டாம் என்றார்கள். தொழிலாளர் சங்கங்கள் எதிர்த்தன, எண்ணெய் நிறுவனங்கள் வேறு ரகம் கேட்டன. தகுதிச் சான்று கையில் இருந்தும் அந்த ரக ஹெலிகாப்டர்களின் மதிப்பு சரிந்தது. வேபாயின்ட் 2018 நவம்பரில் திவால் பாதுகாப்புக்குப் போக, அதன் ஹெலிகாப்டர்களில் பெரும்பகுதியை மறு ஆண்டு மக்வாரி நிறுவனம் வாங்கியது. குத்தகைக்காரர்கள் எண்ணெய் விலையையும் வட்டியையும் கணக்குப் போட்டிருந்தார்கள். பயணியின் பயத்துக்கு அவர்கள் கணக்கில் இடமே இல்லை. இந்தச் சந்தையைப் பற்றி நான் படித்தவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

கைவிட்ட இயந்திரங்கள் வீணாகவில்லை. 2018ல் உக்ரைன் அரசு பிரான்ஸோடு செய்த ஒப்பந்தத்தின் 55 ஹெலிகாப்டர்களில் 21 பழைய எச்225கள்தான். வேறு சில காட்டுத்தீ அணைக்கப் போயின.

காட்டுத்தீ இன்று குத்தகைக்காரர்களின் புதிய நம்பிக்கை. எஸ்-64 ஏர் கிரேன் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் சுமக்கும், குளத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸில் எரிவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஆஸ்திரேலியாவில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஒரே இயந்திரத்தை இரண்டு அரைக்கோளங்களுக்கும் மாற்றி மாற்றி வாடகைக்கு விடலாம். சிக்கல் என்னவென்றால் தீக்காலங்கள் இரண்டு பக்கமும் நீண்டுகொண்டே வருகின்றன. ஒரே ஹெலிகாப்டரை இருவரும் ஒரே மாதத்தில் கேட்டால் அதிக விலை கொடுப்பவருக்குத்தான் கிடைக்கும். கடல் காற்றாலைகளுக்குத் தொழில்நுட்பப் பணியாளர்களைக் கயிற்றில் இறக்குவது, ஏர் ஆம்புலன்ஸ், கடலோர மீட்பு ஆகியவையும் வளர்கின்றன, என்றாலும் எண்ணெய் தரும் பணம் அவற்றில் இல்லை.

இந்தியா சொந்தமாக வைத்துப் பார்த்துக் கை சுட்டுக்கொண்ட நாடு. 1985ல் முக்கியமாக எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசிக்காகத் தொடங்கப்பட்டது, இன்று பவன் ஹன்ஸ் எனப்படும் அரசு ஹெலிகாப்டர் நிறுவனம். பிரிட்டன் கொடுத்த 6.5 கோடி பவுண்டு உதவியில் அதற்கு 21 வெஸ்ட்லேண்ட் 30 ஹெலிகாப்டர்கள் வந்தன. விபத்துகளும் கோளாறுகளும் தொடர, 1991ல் மிச்சமிருந்த அத்தனையும் தரையில் நிறுத்தப்பட்டன. பிறகு விற்றபோது கிடைத்தது சுமார் 9 லட்சம் பவுண்டு. குத்தகையாக இருந்தால் அந்தத் தலைவலி உரிமையாளருடையது.

ஆனால் உரிமையாளர் துணிந்து கொடுக்க, வாடகை நின்றால் இயந்திரத்தைத் திரும்ப எடுத்துப்போக முடியும் என்ற உறுதி வேண்டும். அதற்கான கேப் டவுன் ஒப்பந்தத்தில் இந்தியா 2008ல் சேர்ந்தது, உள்நாட்டுச் சட்டம் இயற்றவோ 2025 வரை ஆனது. இடையில், 2023ல், கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் திவாலானபோது குத்தகைக்காரர்கள் தங்கள் விமானங்களைத் திரும்பப் பெறாமல் மாதக்கணக்கில் நீதிமன்றத்தில் அலைந்தார்கள். அந்த ஆபத்தையும் சேர்த்துத்தான் இந்தியாவுக்கு வாடகை சொல்வார்கள். புதிய சட்டத்தின் கீழ் ஒரு குத்தகைக்காரர் தன் இயந்திரத்தை எவ்வளவு சீக்கிரம் மீட்கிறார் என்பதைப் பார்த்த பிறகுதான் அந்த வாடகை குறையும், அதற்கு முன் குறையாது.