மினுங்குவது விளக்கா, காற்றா, கண்ணா?

ஆங்கிலப் பாடத்தில் ‘கிளிமர்’ என்றொரு சொல் வரும். ‘மங்கலான ஒளி’ என்று அகராதி சொல்லி முடித்துவிடும். அது பாதிப் பொருள்தான். மங்கலாக இருந்தால் மட்டும் போதாது. அந்த ஒளி ஓரிடத்தில் நிலைக்காமல் கூடிக் குறைந்து, ‘இருக்கிறதா, அணைந்துவிட்டதா?’ என்று நம்மைத் தவிக்கவிட வேண்டும். அப்போதுதான் அது கிளிமர். துலக்கிய பித்தளைச் செம்பில் தெரியும் மெல்லிய பளபளப்பு ‘கிளீம்’. ஜிகினாத்தாள் பொடிப்பொடியாக மின்னுவது ‘கிளிட்டர்’. துளி நம்பிக்கை எட்டிப் பார்க்கும்போதும் ஆங்கிலத்தில் கிளிமர் என்பார்கள். நாம் ‘நம்பிக்கைக் கீற்று’ என்கிறோம். எனக்கென்னவோ கீற்றைவிட நம் ‘மினுங்கல்’தான் இந்தச் சொல்லுக்கு நெருக்கமாகப் படுகிறது. மின்மினிக்குள்ளும் அந்த ஒலி இருக்கிறது, பாருங்கள்.

சரி, ஒளி ஏன் மினுங்குகிறது? ஆடுவது எது?

கரண்ட் போன இரவில் லயத்துக் காம்பராவில் ஏற்றும் குப்பி விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். திரி மண்ணெண்ணெயை உறிஞ்சி மேலே கொண்டுவருகிறது. சூட்டில் அது ஆவியாகி எரிகிறது. முழுதும் எரியாத பொடிக் கரித்துகள்கள் சுடரின் நடுவே பழுத்து மஞ்சளாக ஒளிர்கின்றன. நமக்கு வெளிச்சம் தருவது அந்தக் கரிதான்! எரியாமல் தப்பிய மிச்சம் மேலே போய்ச் சுவரில் கருப்பாக அப்பிக்கொள்கிறது. கதவிடுக்கில் ஒரு காற்று நுழைந்தால் போதும், சுடர் ஒடுங்கும், மறுபடி எழும். இங்கே ஆடுவது விளக்கேதான்.

இந்தக் குப்பி விளக்கைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். உயரமான போத்தலில் செய்தால் கை பட்டவுடன் சாய்ந்து உருளும், எண்ணெய் கொட்டித் தீப்பிடிக்கும். இப்படித் தீக்காயத்தோடு வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் விஜய கொடகும்புர, மருந்து கட்டுவதோடு நிறுத்தவில்லை. குட்டையான, கனமான, தடித்த கண்ணாடி விளக்கு ஒன்றை உருவாக்கினார். அதன் இரண்டு பக்கங்கள் தட்டை, அதனால் விழுந்தாலும் உருளாது. திருகுமூடி இருப்பதால் எண்ணெய் கொட்டாது. அந்த யோசனைக்கு வழிகாட்டியது மார்மைட் போத்தலின் குண்டு வடிவம். 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. நம் இலங்கையில் செய்யப்பட்ட கண்டுபிடிப்புகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

மின்மினி வேறு கதை. அதன் வயிற்றடியில் லூசிஃபெரின் என்ற பொருள் ஒட்சிசனோடு சேரும்போது ஒளி பிறக்கிறது. சூடு இல்லையென்றே சொல்லலாம். விட்டுவிட்டு ஒளிர்வதும் அதன் இஷ்டம்தான். பல இனங்களில் அது துணையைக் கூப்பிடும் குறி.

இப்போது மலையைப் பார்ப்போம். டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் போயா வரைக்கும் சிவனொளிபாத மலைக்கு யாத்திரைக் காலம். அடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து 2,243 மீற்றர் உயரச் சிகரம் வரைக்கும் படி நெடுக விளக்குகள் எரியும். நான் சின்னவனாக இருந்தபோது, மஸ்கெலியாப் பக்கத்தில் எங்கள் லயத்து இஸ்தோப்பில் அம்மாயி கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “டேய், வந்து பாரு, மலைக்கு வெளக்குப் போட்டுட்டாங்க!” ஓடிப்போய்ப் பார்த்தால், இருட்டில் யாரோ மணிமாலையைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். ஒவ்வொரு மணியும் மினுக் மினுக்கென்று நடுங்கும்.

பிறகு ஒருமுறை மலையேறியபோது அந்த விளக்குகளைப் பக்கத்தில் பார்த்தேன். ஒன்றுகூட ஆடவில்லை! எல்லாம் மின்விளக்குகள், அசையாமல் எரிந்தன. அப்படியானால் வீட்டிலிருந்து பார்த்தபோது நடுங்கியது எது?

காற்று. மலைக்கும் இஸ்தோப்புக்கும் நடுவில் பல மைல் காற்று இருக்கிறது. அது எங்கும் ஒரே சூடாக இல்லை. ஓரிடத்தில் குளிர்ந்து அடர்த்தியாக, இன்னோரிடத்தில் கொஞ்சம் சூடாகி லேசாக, திட்டுத் திட்டாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு திட்டும் ஒளியைத் துளி வளைத்து அனுப்புகிறது. ஒரு கணம் கண்ணுக்குக் கூடுதலாக வரும், மறுகணம் கொஞ்சம் விலகிப்போகும். எரியும் அடுப்புக்கு மேலாக எதிர்ச் சுவரைப் பாருங்கள், சுவர் நெளியும். அதே வித்தைதான். நட்சத்திரங்கள் சிமிட்டுவதற்கும் காரணம் இதுவே. மூடுபனி செய்வது வேறு வேலை. அதிலுள்ள நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் விளக்கைச் சுற்றி வெள்ளைப் புகைபோலப் பரவி மங்கிவிடும்.

கடைசியில் இருக்கிறதே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. விளக்கும் ஆடாமல், காற்றும் அடங்கியிருக்கும்போதுகூட மெல்லிய ஒளி தோன்றித் தோன்றி மறையும். அது நம் கண்ணின் வேலை. கண்ணின் உட்சுவரில் இருவகைச் செல்கள் இருக்கின்றன. நிறம் காட்டுபவை கூம்புச் செல்கள், அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். மங்கலிலும் வேலை செய்பவை கோல் செல்கள். நாம் நேராகப் பார்க்கும் பொருள் விழுகிற நட்டநடுப் புள்ளியில் கூம்புகள் மட்டும்தான் இருக்கின்றன, கோல்களே இல்லை. ஆகவே மங்கலான ஒளியை உற்றுப் பார்க்கப் பார்க்க அது நழுவிப்போகும்.

யாத்திரைக் காலத்தில் பனி விலகிய ஓர் இரவில் இதைச் செய்து பாருங்கள். போனை உள்ளே வைத்துவிட்டு, டோர்ச்சை அணைத்துவிட்டு, அரை மணிநேரம் இருட்டில் உட்காருங்கள். கோல் செல்கள் முழுதாக விழிக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். பிறகு அந்த விளக்கு மாலையில், இருப்பதிலேயே மங்கலான ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து நேராக உற்றுப் பாருங்கள். மறைந்துவிடும். பார்வையைக் கொஞ்சம் பக்கத்துக்கு நகர்த்துங்கள். இதோ, வந்துவிட்டது.