அடை மழை வருகிறது; உங்கள் சுவர் தாங்குமா?

புரட்டாசி வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைக்கிறோம். "ஐப்பசி பிறக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடுகிறோம்.

ஐப்பசி பிறந்ததும் என்ன நடக்கும்? கீற்று கிடைக்காது. கிடைத்தாலும் விலை ஏறி இருக்கும். ஓடு மாற்றுகிறவர் பத்து வீட்டுக்கு வாக்குக் கொடுத்து இருப்பார். உங்கள் வீட்டுக்கு அவர் வருவதற்குள் மழை வந்துவிடும்!

தமிழ்நாட்டில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை உள்ள 3 மாதங்களில் கொட்டிவிடுகிறது. நம் கரையைத் தாக்குகிற புயல்கள் பெரும்பாலும் வருவதும் இந்த மாதங்களில்தான்.

ஆகவே, கிராமத்து வீட்டைப் பழுது பார்க்கப் புரட்டாசியே சரியான மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்.

முதலில் சுவர்

எல்லோரும் முதலில் கூரையைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். கூரை ஒழுகினால் உடனே தெரியும். கீழே ஒரு பாத்திரத்தை வைத்துவிடலாம்.

சுவர் அப்படி இல்லை. அது ஒழுகாது. சத்தம் போடாது. நாள் கணக்கில் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நிற்கும். பிறகு ஒரு நாள் இரவில், எல்லோரும் தூங்கும்போது விழும்.

1964-ம் ஆண்டு டிசம்பர் மாதம் தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது. பயணிகளோடு ரெயிலையே கடல் கொண்டுபோயிற்று. அந்தக் காலம் வேறு. இப்போது புயல் கிளம்பும்போதே அது எங்கே வரும், எப்போது வரும் என்று சில நாட்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். கரையோரத்து மக்களைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

ஆனால், "இன்று இரவு இன்னார் வீட்டுச் சுவர் விழும்" என்று எந்த வானிலை நிலையமும் சொல்லாது. அதை நாம்தான் பார்க்கவேண்டும்.

மேட்டுப்பாளையம் பக்கத்தில் நடூர் கிராமத்தில் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். 2019-ம் ஆண்டு டிசம்பர் 2-ந்தேதி. விடிவதற்கு முந்திய நேரம். புயல் இல்லை, மழைதான். மழையில் ஊறிய உயரமான சுற்றுச்சுவர் ஒன்று, பக்கத்தில் இருந்த வீடுகள் மேல் சாய்ந்தது. தூக்கத்தில் இருந்த 17 பேர் இறந்துபோனார்கள்.

சுவரை எப்படிச் சோதிப்பது? அதற்கு என்ஜினீயர் வேண்டியது இல்லை.

ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டுங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு போல, நூலின் நுனியைச் சுவரின் மேல் பக்கம் பிடித்துத் தொங்க விடுங்கள். நூல் மேலிருந்து கீழ் வரை சுவரை ஒட்டியே வரவேண்டும். நடுவில் சுவர் நூலைத் தள்ளினால் சுவர் வயிறு தள்ளி இருக்கிறது. கீழே போகப் போக நூல் சுவரை விட்டு விலகினால், சுவர் உங்கள் பக்கம் சாய்ந்து இருக்கிறது. இரண்டும் ஆபத்து.

அடுத்து, அடிச்சுவரைப் பாருங்கள். உப்புப் பூத்து, மண் உதிர்கிறதா? விரலால் சுரண்டினாலே பொடிப்பொடியாக வருகிறதா? அந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். கூரையில் இருந்து விழும் தண்ணீர் தரையில் அடித்து, சேறாகத் தெறித்து, சுவரின் காலைத்தான் தின்னும். சுவரை ஒட்டி மண்ணை மேடாகப் போட்டு, வெளிப் பக்கம் சரியும்படி கெட்டியாக அடித்துவிடுங்கள். இரண்டு அடி தள்ளி ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்புங்கள். செலவு ஒன்றும் இல்லை. ஒரு மண்வெட்டி போதும்.

வெடிப்பு இருந்தால், அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதியை எழுதி வையுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டி வெடிப்பு வளர்ந்திருந்தால் கொத்தனாரைக் கூப்பிடவேண்டும்.

பணம் இல்லை, இந்த ஆண்டு செய்ய முடியாது என்றால்? ஒன்று மட்டும் செய்யுங்கள். மழைக்காலம் முடியும் வரை அந்தச் சுவர் ஓரம் யாரும் படுக்கவேண்டாம். பாயை எதிர்ப் பக்கம் விரியுங்கள். கட்டிலை நகர்த்துங்கள். பக்கத்து வீட்டு மதிலும் இதில் சேர்த்தி. உங்கள் வீட்டைவிட உயரமான மதில் பக்கத்தில் இருந்தால், அதையும் பார்த்து, உரியவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வாரே என்று வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது.

கூரை அமுங்குமா, பறக்குமா?

காற்றில் குடை பிடித்து நடந்திருப்பீர்கள். குடை எந்தப் பக்கம் போகிறது? கீழே அமுங்குவது இல்லை. மேல் நோக்கி மடங்கிக்கொள்கிறது!

கூரையும் அப்படித்தான். பலத்த காற்று கூரையின் மேல் வேகமாக ஓடும்போது மேலே அழுத்தம் குறைகிறது. வீட்டுக்குள் இருக்கும் காற்று கூரையை மேலே தள்ளுகிறது. எதிர்க்காற்றுப் பக்கம் ஒரு ஜன்னல் திறந்து இருந்தால் தள்ளுகிற வேகம் இன்னும் கூடும். ஆகவே, கூரையைக் கீழ் நோக்கிக் கட்டிவைக்கவேண்டும்.

கீற்றுக் கூரையில் பழைய கீற்றை எடுத்துவிட்டுப் புதிதாக வேய்வது நல்லது. மேலே பழைய மீன் வலையைப் போட்டு, நான்கு பக்கமும் கயிற்றால் இழுத்து, தரையில் முளை அடித்துக் கட்டுவது கடற்கரை ஊர்களில் உள்ள வழக்கம். படித்த என்ஜினீயர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இரண்டு பக்கச் சரிவைவிட, நான்கு பக்கமும் சரிந்த கூரை காற்றை நன்றாகத் தாங்கும். புதிதாகக் கொட்டகை போடுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

கூரையைத் தாங்குகிற மரக்கால்கள் மண்ணைத் தொடும் இடத்தில் கம்பால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் கேட்டால் உள்ளே கரையான் வேலையை முடித்துவிட்டது. அந்தக் காலை மாற்றவேண்டும்.

ஓட்டு வீட்டில் முகட்டு ஓடும் ஓரத்து ஓடும்தான் முதலில் பறக்கும். அவற்றைச் சிமெண்டு கலவை வைத்துப் பூசிவிடுங்கள். உடைந்த ஓட்டை மாற்றுங்கள். மேலே ஏறுகிறவர் ஓட்டின் நடுவில் கால் வைக்கக் கூடாது. சட்டம் ஓடும் இடம் பார்த்து, பலகை போட்டு நடக்கவேண்டும். சிமெண்டு ஷீட் ஏமாற்றும்! பார்க்கக் கல் போல் இருக்கும்; மிதித்தால் உடைந்து ஆளைக் கீழே தள்ளும். தகர ஷீட்டில் கொக்கி போல்ட் துருப்பிடித்து இருந்தால் மாற்றுங்கள். பிய்ந்த தகரம் காற்றில் கத்தி போலப் பறக்கும்.

மாடி வீட்டுக்காரர்களுக்கு வேலை குறைவு. மொட்டை மாடியில் தண்ணீர் இறங்கும் குழாயில் சருகு அடைத்து இருக்கும். எடுத்துவிடுங்கள். 2003-ம் ஆண்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கினார்களே, அந்தத் தொட்டி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பல வீடுகளில் அதன் மேல் கோழிக்கூடு இருக்கிறது.

மரம்

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே 'கஜா' புயல் கரை ஏறியது. நாகை, தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. அதற்கு முன் 2011-ல் வந்த 'தானே' புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போயின.

அத்தகைய புயலைத் தோட்டக்காரர் தடுக்க முடியாது. மரம் விழுந்தால் வீட்டின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளலாம். கூரைக்கு மேல் நீட்டிய கிளைகளை வெட்டுங்கள். தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் இறக்கிவிட்டால் தலைப் பாரம் குறையும். முருங்கையை ஒடித்து வளர்க்கவேண்டும் என்பது பழமொழி. பிள்ளையை அடித்து வளர்க்கவேண்டும் என்று அதோடு சேர்த்துச் சொல்வதை மட்டும் விட்டுவிடலாம்!

மின்கம்பி அருகே உள்ள கிளையை நீங்களே வெட்டப் போகாதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். 'மின்னகம்' தொலைபேசி எண் 94987 94987.

துணி காயப்போடும் கம்பி

இந்தக் கம்பி எத்தனையோ பெண்களின் உயிரைக் குடித்திருக்கிறது. தகரக் கூரையில் இருந்து வேப்பமரத்துக்கு ஓர் இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டி இருப்பார்கள். கூரையில் எங்கோ ஒரு ஒயர் தோல் உரிந்து உரசும். மழை நாளில் ஈரத் துணியோடு கம்பியைத் தொட்டதும் மின்சாரம் பாயும். அவரைக் காப்பாற்ற ஓடி வருகிறவரும் சாவார்.

இன்றே அந்தக் கம்பியை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். மின்கம்பத்தைத் தாங்கி நிற்கும் இழுவைக் கம்பியில் ஆட்டையும் மாட்டையும் கட்டாதீர்கள். முடிந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 'ஆர்.சி.டி.' என்ற கருவியைப் பொருத்துங்கள். மின்சாரம் கசிந்தால் கண் இமைப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும்.

யாருக்காவது 'ஷாக்' அடித்தால் அவரைக் கையால் தொடக் கூடாது. முதலில் மெயினை நிறுத்துங்கள். தெருக் கம்பி அறுந்து விழுந்து கிடந்தால் முப்பது அடிக்குள் போகாதீர்கள். கம்பு கொண்டு தள்ளவும் முயலாதீர்கள். ஈரத் தரையிலும் மின்சாரம் ஓடும்.

விறகுக் குவியல்

வெள்ளம் வந்தால் நமக்கு மட்டுமா கஷ்டம்? வளைக்குள் தண்ணீர் புகுந்ததும் பாம்பு மேடு தேடி வருகிறது. மேடு என்பது நம் வீடுதான்! விறகையும் வைக்கோலையும் சுவரை ஒட்டிக் குவிக்காமல், தள்ளி, உயரமான இடத்தில் வையுங்கள். எலி இருந்தால் பாம்பு வரும்.

கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல நேரம் கடித்த இடமே தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை சொருகுதல் என்றால் உடனே சந்தேகப்படவேண்டும். கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிப் படுத்தால் கொசுவும் வராது, கட்டுவிரியனும் வராது.

கடித்த இடத்தைக் கீறாதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். மந்திரிப்பவரிடம் போய் நேரத்தைப் போக்காதீர்கள். கை, காலை அசைக்காமல் வைத்து, 108-க்குப் போன் செய்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கிறது. அந்த மருந்து செய்வதற்கான பாம்பு விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் யார் தெரியுமா? வடநெம்மேலியில் 1978-ல் சங்கம் அமைத்த இருளர் மக்கள்!

கிணறும் கொசுவும்

கிணற்றுக்கு 1,000 லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். 10 அடி அகலமான வட்டக் கிணற்றில் 13 அடி தண்ணீர் இருந்தால் சுமார் 70 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை மட்டும் இரவில் ஊற்றவேண்டும். மழைக்காலம் முழுவதும் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், முற்றத்து ஆட்டுக்கல் குழி ஆகியவற்றில் நிற்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டை இடும். வாரம் ஒரு முறை கவிழ்த்துக் கொட்டினால் கொசு பிறக்காது.

கூண்டு எண் என்றால் என்ன?

துறைமுகத்தில் "3-ம் எண் கூண்டு", "10-ம் எண் கூண்டு" என்று செய்தி வரும். 1 முதல் 11 வரை உண்டு. 1, 2 என்றால் புயல் தொலைவில். 3, 4 என்றால் துறைமுகத்தில் மோசமான வானிலை. 5, 6, 7 ஆபத்து. 8, 9, 10 பெரும் ஆபத்து. 11 என்றால் எச்சரிக்கை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. 8-ம் எண் ஏறும் வரை காத்திருக்கவேண்டாம். போகச் சொன்னதும் முகாமுக்குப் போய்விடுங்கள். ரேஷன் கார்டு, பட்டா, ஆதார், பாஸ்புத்தகம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்புமுன் மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கட்டிய மாடு தண்ணீரில் நீந்த முடியாது.

புயலின் நடுவில் திடீரென்று காற்று நின்றுவிடலாம். "முடிந்துவிட்டது" என்று வெளியே வராதீர்கள்! அது புயலின் கண். சிறிது நேரத்தில் எதிர்த் திசையில் இருந்து அதே வேகத்தில் காற்று அடிக்கும். மாவட்ட உதவிக்கு 1077.

மழை விட்டு வெயில் வந்த பிறகும் சுவர் காய நாள் ஆகும். மேலே காய்ந்த மாதிரி தெரியும். உள்ளே ஈரம் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு, மூன்று நாள் கழித்து விழுந்த சுவர்களும் உண்டு. நூலையும் கல்லையும் எடுத்து மறுபடி தொங்க விட்டுப் பாருங்கள். அதுவரை குழந்தைகளின் பாய் எதிர்ப் பக்கத்திலேயே இருக்கட்டும்.