திரும்பிச் செல்லும் வழி

ஆலையில் செய்த பொருள் நம் இல்லம் வந்து சேரும் வழியை அனைவரும் அறிவோம். லாரியில் ஏறித் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு வருகிறது. அங்கிருந்து ஸ்ரீரங்கத்து வீதிக் கடைக்குச் செல்கிறது. பயன் முடிந்த காகிதமும் புட்டியும் மீண்டும் ஆலையை அடையும் வழியை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

அவ்வழி இருந்தால் பயன் பெரிது என்பதற்குக் காவிரிக் கரையிலேயே சான்று உண்டு. கரூர் மாவட்டம் புகளூரில் 1979-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. சர்க்கரை ஆலைகள் தம் கொதிகலன்களில் எரித்துவந்த சக்கையை இந்நிறுவனத்துக்குத் தர, இது அவற்றுக்கு ஈடாக நீராவியோ எரிபொருளோ தரும் ஏற்பாடும் உண்டு. ஓர் ஆலையின் கழிவு மற்றோர் ஆலையின் மூலப்பொருளாகிறது. பழைய தாளின் மையை நீக்கிக் கூழாக்கும் பிரிவும் அங்கு இயங்குகிறது.

வழி அடைபட்டால் நேர்வது என்ன? அரியமங்கலத்தைக் கேளுங்கள். சுமார் 47 ஏக்கர் நிலத்தில் பல்லாண்டுகள் குவிந்த திருச்சி மாநகரக் குப்பை அடிக்கடி தீப்பற்றிப் புகைந்தது; சூழ வாழ்ந்த ஏழைக் குடும்பங்களே அப்புகையைச் சுவாசித்தன. அம்மலையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பணி பின்னரே, பெரும் பொருட்செலவில், மேற்கொள்ளப்பட்டது.

வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரிக்க வேண்டுமென்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் பணித்தன. பிளாஸ்டிக் உறைகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மீதே அரசு சுமத்தியது. 2022-இல் அதற்கான நெறிமுறைகளையும் விரிவாக வகுத்தது. உற்பத்தியாளரோ அப்பணியைப் பெரும்பாலும் பிற நிறுவனங்களிடம் ஒப்படைக்கின்றனர். ஒப்பந்தம் கைமாறிக் கைமாறிச் செல்லும். கடைசியில் குப்பையில் கைவைப்பவர் ஓர் ஏழைத் தொழிலாளியே. சோற்றோடு கலந்த தாள் மதிப்பிழக்கிறது. அவர் கூலியும் குறைகிறது. உடைந்த கண்ணாடி அவர் விரலைக் கிழிக்கிறது.

ஐயாயிரம் பேர் உண்டபின் எஞ்சிய அப்பத் துண்டுகளை, ஒன்றும் வீணாகாதபடி சேர்த்துவைக்கப் பணித்தார் நம் ஆண்டவர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' எனும் சுற்றுமடலும், தூக்கியெறியும் பண்பாட்டைக் கடிந்து, பூமியின் துயரையும் ஏழையின் துயரையும் ஒருங்கே நோக்கச் சொல்கிறது.

கிறிஸ்தவக் குடும்பங்கள் செய்யவேண்டுவது சிறிதே. ஈரக் குப்பையைத் தனியே வையுங்கள். தாளை நனையாமல் கட்டிவையுங்கள். உடைந்த கண்ணாடியைத் தடித்த தாளில் சுற்றி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். அவரும் நம் அயலாரே. திரும்பிச் செல்லும் வழி நம் அடுக்களையில்தான் தொடங்குகிறது.