தடுப்பணை பயன் தந்ததா? விண்ணிலிருந்து கணிக்கும் செயற்கைக்கோள்கள்

நாட்டின் நிகர சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழ பாதி, பாசன வசதியின்றி மழையை மட்டுமே நம்பியுள்ளது. இந்த மானாவாரி நிலங்களில் பெய்யும் மழை, மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவிடுகிறதா அல்லது மண்ணுக்குள் இறங்குகிறதா என்பதைப் பொறுத்தே விளைச்சல் அமைகிறது. மழைநீரைத் தேக்க மேற்கொள்ளப்படும் பணிகள் உரிய பலனை அளித்தனவா என்பதை அறிய, செயற்கைக்கோள் படங்கள் உதவுகின்றன.

நீர்வடிப்பகுதி என்பது என்ன?

ஒரு நிலப்பரப்பில் வழிந்தோடும் மழைநீர் முழுவதும் ஒரே ஓடை வழியாக வெளியேறுமானால், அதுவே நீர்வடிப்பகுதி. மேட்டு நிலத்தில் மண் அரிப்பைத் தடுக்காமல் கீழே மட்டும் தடுப்பணை கட்டினால், அது வண்டல் படிந்து தூர்ந்துவிடும். எனவே, பணிகள் மேட்டிலிருந்து தொடங்கப்படுகின்றன.

பிரதமரின் வேளாண் பாசனத் திட்டத்தின்கீழ், 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்தில் 49.5 லட்சம் ஹெக்டேர் நிலத்தில் இப்பணிகளை மேற்கொள்ள இலக்கு நிர்ணயிக்கப்பட்டது. மத்திய அரசின் பங்காக ரூ.8,134 கோடி ஒதுக்கப்பட்டது.

படங்கள் காட்டுவது என்ன?

பசுமையான இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சி, அண்மை அகச்சிவப்புக் கதிர்களை அதிகம் எதிரொளிக்கும். இவ்விரண்டின் அளவையும் ஒப்பிட்டு, பயிரின் பரப்பும் செழிப்பும் கணிக்கப்படுகின்றன. காரிப் அறுவடைக்குப் பின் தரிசாகக் கிடந்த நிலம் ராபி பருவத்தில் பசுமையாகத் தெரிந்தால், அங்கு இரண்டாம் போகம் சாத்தியமாகியிருக்கலாம் எனக் கருதப்படும். மேகமூட்டம் நிறைந்த மழைக்காலத்தில், 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட இஓஎஸ்-04 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள் கைகொடுக்கின்றன.

எனினும், ரிசோர்ஸ்சாட்-2ஏ செயற்கைக்கோளின் லிஸ்-4 கேமரா எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி என்பது, நிலத்தில் ஏறத்தாழ 5.8 மீட்டர் பக்கமுள்ள சதுரம். ஒரு வரப்போ சிறு குட்டையோ அதில் தெளிவாகத் தெரியாது. இக்குறையைக் களப்பதிவுகள் ஈடுசெய்கின்றன. ஐதராபாத்தில் உள்ள இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம் உருவாக்கிய 'திருஷ்டி' செயலி, 'சிருஷ்டி' இணையதளம் ஆகியவை 2015-ஆம் ஆண்டில் அறிமுகமாயின. பணியிடத்தில் எடுக்கப்படும் புகைப்படம், அமைவிட விவரத்துடன் செயலி மூலம் பதிவேற்றப்பட்டு வரைபடத்தில் இணைக்கப்படுகிறது.

பசுமை மட்டும் போதுமா?

போதாது. நல்ல மழை பெய்த ஆண்டில் எல்லா இடங்களும் பசுமையாகவே தெரியும். ஆழ்துளைக் கிணறுகள் பெருகினாலும் அவ்வாறே தெரியும். அப்போது நிலத்தடி நீர் குறைந்துகொண்டிருப்பதைப் படம் காட்டாது. ஆகவே, ஒத்த மழையளவு கொண்ட ஆண்டுகளையும், பணி நடைபெறாத அண்டைப் பகுதியையும் ஒப்பிடுவதுடன், கிணற்று நீர்மட்டத்தையும் அளவிட வேண்டும். அவ்வாறு சரிபார்த்த பின்னரே, அந்த இரண்டாம் போகம் தேக்கிய மழைநீரால் விளைந்ததா என்பது உறுதியாகும்.