பிள்ளை பெற்றவளின் கண்ணீருக்கு மருந்து

வீடே குழந்தையைக் கொஞ்சி மகிழ்கையில், பெற்றவள் மட்டும் மூலையில் அழுவதுண்டு. 'பிள்ளை பெற்ற அசதி' என்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால் அது அசதியல்ல, நோய்!

கர்ப்பத்தில் பெருகி மூளையின் பரபரப்பைத் தணிக்கும் ஒரு ஸ்டிராய்டு, பிரசவமானதும் சட்டென்று குறைந்துவிடுகிறது. அதையே செயற்கையாகச் செய்து கொடுத்தால் என்ன? இந்த யோசனையில் பிறந்த பிரெக்ஸனலோனை 2019-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் 60 மணி நேரம் நரம்பில் ஏற்ற வேண்டும். நினைவு தப்பிவிடாமல் கண்காணிக்கவும் வேண்டும். கைக்குழந்தைக்காரி அப்படிப் படுத்திருப்பதெங்கே? 2024 இறுதியோடு அதன் விற்பனை நின்றது.

2023-ல் ஜுரானலோன் மாத்திரை வந்தது. 14 நாள், மாலையில், கொழுப்புள்ள உணவோடு விழுங்க வேண்டும். ஆராய்ச்சியில் மூன்றாம் நாளே குணம் தெரிந்ததாம்! தூக்கமும் தலைசுற்றலும் வரலாம். 12 மணி நேரம் வண்டி ஓட்டலாகாது. பொதுவான மனச்சோர்வுக்கும் இதைக் கேட்டபோது, 'சான்று போதாது' என்று அமெரிக்க அதிகாரிகள் மறுத்துவிட்டனர்.