தண்ணீரோடு கூட்டுச் சேரும் ஃபுளோரின்

ஒட்டாத தோசைக்கல்லின் பூச்சில் இருப்பது ஃபுளோரின். அதைப் புரதத்தில் சேர்த்தால் நீரை விரட்டும் என்றுதான் தோன்றும். பெர்லின் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட முடிவு வேறு கதை சொல்கிறது. மாட்டின் கணையத்திலுள்ள 58 அமினோ அமிலப் புரதம் ஒன்று, செரிமான நொதியான டிரிப்சினை முடக்குகிறது. அதன் 15ஆம் இடத்து லைசின் நொதியின் குழிக்குள் நுழைந்து, அடியிலுள்ள எதிர்மின்சுமையை நீர் மூலக்கூறு வழியாகப் பற்றுகிறது. அங்கே மின்சுமையற்ற, குட்டையான அமினோ அமிலத்தை வைத்ததும் பிடி தளர்ந்தது. அதன் நுனியில் ஃபுளோரினை ஏற்றியதும் தடுக்கும் திறன் முழுமையாக மீண்டது!

பருமன் கூடியதால் குழி நிரம்பியிருக்கும் எனலாம். ஆனால் ஃபுளோரின் ஹைட்ரஜனைவிடச் சற்றே பெரியது. லைசினின் நீளத்தை அது ஈடுகட்டாது. படிக அமைப்புகள் காட்டியதோ, குழிக்குள் நீர் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் அசைவும் மாறியதை. நீரே ஃபுளோரினுக்குத் துணை நின்றது என்பதுதான் பொருந்தும் விளக்கம். லைசினே போதாதா என்பார்கள். புரதம் கட்டும் இயற்கையின் 20 அமினோ அமிலங்களில் ஃபுளோரின் உள்ளது ஒன்றுகூட இல்லை; அந்த எல்லைக்கு வெளியேயும் உறுதியான பிடி கிடைக்கும் என்பதே இதன் மதிப்பு. இத்தகைய படிக அமைப்புகள் புரதத் தரவு வங்கியில் இலவசம். மாணவர்களே, அவற்றைத் திறந்து அந்த நீர் மூலக்கூறுகளை எண்ணிப் பாருங்கள்.