மாரடைப்பில் கை ஏன் வலிக்கிறது?

கண்டியின் ஹந்தானை ஏற்றத்தில் நடக்கும்போது நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது. மதகில் உட்கார்ந்து ஆறினால் விட்டுவிடுகிறது. வாய்வு என்று இஞ்சி பிளேன்டி குடித்துச் சமாளிப்பவர்கள் பலர். ஆனால் ஏற்றத்தில் வந்து ஓய்வில் அடங்கும் வலி, இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் முடியுரு நாடி ஒடுங்கியதன் அடையாளமாக இருக்கலாம். உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மாரடைப்பு எப்படி வருகிறது? நாடிச் சுவரின் கொழுப்புப் படிவு வெடிக்க, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைக்கிறது. ஒட்சிசன் கிடைக்காத தசை சுமார் 20 நிமிடங்களிலேயே சாகத் தொடங்கலாம்.

கை ஏன் வலிக்கிறது? இதயத்தின் வலி நரம்புகளும் இடக்கை நரம்புகளும் முண்ணாணில் ஒரே பகுதியில் சேர்கின்றன. மூளை இடத்தை மாற்றிப் புரிந்துகொள்கிறது. நீரிழிவுக்காரருக்கும் முதியோருக்கும் பெண்களுக்கும் வலியின்றி வியர்வை, மூச்சிரைப்பு மட்டும் வரலாம்.

முதல் ஈசிஜி சரியென்றால் தப்பித்தோமா? இல்லை. சேதமான தசையிலிருந்து கசியும் ட்ரோபோனின் இரத்தத்தில் தெரியச் சில மணி நேரம் ஆகலாம். அதனால்தான் மறுபடியும் இரத்தம் எடுக்கிறார்கள்.

என்ன செய்வது? ஓய்விலும் வலி விடாவிட்டால் நடக்காதீர்கள், வாகனம் ஓட்டாதீர்கள், 1990ஐ அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இலவச சுவசெரிய அம்பியூலன்ஸ் கண்டிக்கும் உண்டு. அஸ்பிரின் மெல்லலாமா என்று அவர்களிடமே கேளுங்கள். ஒவ்வாமை, இரத்தக்கசிவு இருந்தால் சொல்லுங்கள். உறைந்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியோ பலூன் சிகிச்சையோ, எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு தசை பிழைக்கும்.